இரண்டு பிரதிகளும் ஒரு வெற்றுக் கணினியும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கணினியும் வகுப்பறையும்" என்ற தலைப்பில் என்னைப் பேச அழைத்தார்கள். கணினியைப் பற்றிப் பெரிதாகப் பேசும் அளவுக்கு நான் நிபுணர் இல்லை. ஆனால், ஒரு கணினியை மாற்றியதால் என் கையிலிருந்த சில பதிவுகளை இழக்க நேர்ந்த கதை என்னிடம் இருக்கிறது. அதில் என் தவறும் இருக்கிறது, என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கூர்மையும் இருக்கிறது. இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

2002-இல் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த என் தம்பி, "அக்கா, நீ எப்பவும் துண்டுச் சீட்டில் எழுதித் தொலைக்கிறாயே, இதை வைத்துக்கொள்" என்று ஒரு சிறு கருவியைக் கொடுத்தான். பாம் எம்105 என்பது அதன் பெயர். உள்ளங்கையில் அடங்கும். செல்போன் அல்ல, பேச முடியாது. தேதிக் குறிப்பேடு, முகவரிப் புத்தகம், செய்யவேண்டிய வேலைப் பட்டியல், குறிப்புகள் என நான்கு வேலைகளை அது செய்யும். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் திரையின் கீழ்ப்பகுதியில் எழுதவேண்டும். ஆங்கில 'ஏ' எழுத்தைக் குறுக்குக் கோடு இல்லாமல் கூரைபோல எழுதினால்தான் அதற்குப் புரியும். தமிழ் எழுத்து அதில் வராது. ஆகவே தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதினேன்.

பாம் கருவிகளில் முதலாவதான பைலட், 1996-இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி தயாராகும் முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். யாராவது ஒரு தேதி கேட்டால் கட்டையை எடுத்து, அதில் குறிப்பதுபோல் பாவனை செய்வாராம். கருவி எவ்வளவு எளிமையாக இருக்கவேண்டும் என்பதை அப்படித்தான் சோதித்தார். கற்பித்தல் கருவி தயாரிக்கும் நமக்கும் அது நல்ல பாடம்.

அந்தக் கருவியில் நான் என்ன வைத்திருந்தேன்? என் வகுப்புப் பிள்ளைகளைத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பெற்றோர் எங்கே வேலை செய்கிறார்கள், அவசரம் என்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிடவேண்டும், யாருக்கு வலிப்பு வரும், யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள், யார் வீட்டுக்கு எந்த நாளில் போனேன், பாட்டி என்ன சொன்னார் என்பவை அதில் இருந்தன. வருகைப் பதிவேட்டில் இவற்றுக்கு இடம் கிடையாது. ஆனால் ஒரு பிள்ளை ஏன் வரவில்லை என்பது இங்கேதான் இருக்கும்.

ஒத்திசைவு என்றால் என்ன?

கருவியோடு கிரேடில் என்ற ஒரு தாங்கி வந்தது. அதன் கேபிளைக் கணினியின் பின்புறத்தில் சீரியல் போர்ட் எனப்படும் ஒன்பது ஊசி இணைப்பில் செருகவேண்டும். தாங்கியில் கருவியை வைத்து, ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால், கருவியில் எழுதியது கணினிக்கும், கணினியில் எழுதியது கருவிக்கும் போய்ச் சேரும். இதற்கு ஹாட்சிங்க் என்று பெயர். நாம் ஒத்திசைவு என்று சொல்லலாம்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒரே மதிப்பெண் பட்டியலின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று வகுப்பாசிரியரிடம், ஒன்று தலைமையாசிரியரிடம். இருவரும் தனித்தனியே திருத்துகிறார்கள். மாலையில் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு ஒன்றாக்குகிறார்கள். திருத்திய இடத்தில் எல்லாம் ஒரு சிறு பென்சில் குறி இட்டிருந்தால், குறியிட்ட வரிகளை மட்டும் பார்த்தால் போதும். பாம் கருவியும் அப்படியே. மாற்றப்பட்ட பதிவுகளுக்கு உள்ளுக்குள் ஒரு குறி இட்டு வைக்கும். நேற்று இணைந்த அதே கணினியோடு இன்றும் இணைந்தால் குறியிட்டவற்றை மட்டும் ஒப்பிடும். வேறு கணினி என்றால், பென்சில் குறியை நம்பாமல் எல்லா வரிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடும்.

ஒரு பிரதியில் ஒரு வரியை அழித்தால் மற்றதிலும் அது அழிந்துவிடும் என்பதை இங்கே கவனியுங்கள். சரியானதை மட்டுமல்ல, தவறையும் ஒத்திசைவு உண்மையாகவே நகலெடுக்கும். இரண்டு ஆண்டுகள் அந்தப் பொத்தானை அழுத்தியும் இது என் மனத்தில் பதியவில்லை. இரண்டு இடத்தில் இருக்கிறது, ஆகவே பத்திரமாக இருக்கிறது என்று நம்பினேன்.

கணினி மாறியது

2004 கோடை விடுமுறையில் எங்கள் பள்ளிக்குப் புதிய கணினி வந்தது. பழையதில் விண்டோஸ் 98, புதியதில் விண்டோஸ் எக்ஸ்பி. பழைய கணினியைத் துடைத்துச் சுத்தமாக்கி அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பொருத்த வந்த இளைஞர், "எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் டீச்சர், வேண்டிய ஃபைல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முறையாகக் கேட்டார். மதிப்பெண் பட்டியலையும் வினாத்தாள்களையும் ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு, "ஆயிற்று தம்பி" என்றேன்.

ஆகவில்லை. பாம் மென்பொருள் தன் தகவல்களை நாம் வழக்கமாகச் சேமிக்கும் இடத்தில் வைப்பதில்லை. தனக்கென ஒரு ஃபோல்டரில், பயனாளர் பெயரில் ஓர் உட்ஃபோல்டர் அமைத்து, அதற்குள் முகவரி, தேதி, குறிப்பு என்று பிரித்து வைக்கும். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எடுத்திருந்தால் போதும். நான் எடுக்கவில்லை. இளைஞர் தன் வேலையைச் செய்தார், பழைய கணினி வெறுமையாயிற்று.

ஜூனில் பள்ளி திறந்ததும் புதிய கணினியில் மென்பொருளைப் பதிந்து, தாங்கியில் கருவியை வைத்து, பொத்தானை அழுத்தினேன். இணைப்பு ஏற்படவில்லை, அமைப்பைச் சரிபார்க்கவும் என்ற பொருளில் ஒரு வாசகம் வந்தது. மீண்டும் அழுத்தினேன். அதே வாசகம்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் செய்ததை ஒரு அறிவியல் ஆசிரியை செய்யக்கூடாது. மென்பொருளை நீக்கினேன், மறுபடி பதிந்தேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், இரண்டு அமைப்புகளை மாற்றினேன், கணினியை அணைத்து எழுப்பினேன். ஒரே நேரத்தில் ஐந்து மாற்றங்கள். சரியாகியிருந்தாலும் எதனால் சரியாயிற்று என்று தெரிந்திருக்காது.

அப்போது கருவியின் மூலையில் பேட்டரிக் குறி சரிந்திருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை இணைய முயலும்போதும் மின்சாரம் செலவாகும். அந்தக் கருவியில் இரண்டு சிறு 'ஏஏஏ' பேட்டரிகள். நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் வைத்திருக்கும். பேட்டரியை மாற்றும்போதுகூட சுமார் ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட்டுவிடவேண்டும். இல்லையென்றால் எல்லாம் அழிந்து, கடையில் வாங்கிய நாள்போல் ஆகிவிடும்.

பழைய கணினி வெறுமை. புதிய கணினியும் வெறுமை. அத்தனை பிள்ளைகளின் விவரமும் உலகில் ஒரே இடத்தில், இரண்டு தளர்ந்த பேட்டரிகளின் தயவில் இருந்தது. அந்த நிமிடத்தில்தான் எனக்குக் கை நடுங்கியது.

முதலில் காப்பாற்று, பிறகு பழுது பார்

கருவியைத் தாங்கியிலிருந்து எடுத்தேன். கடையில் புதிய பேட்டரி வாங்கி, உறையைப் பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டு மாற்றினேன். தகவல் தப்பியது. அன்று இரவு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, மருத்துவ விவரமும் அவசர எண்களும் உள்ள பதிவுகளைக் கையால் எழுதினேன். விடியற்காலை வரை ஆயிற்று. அந்த நோட்டு என் மேசையில் இருந்ததால்தான் மறுநாள் பதற்றமில்லாமல் யோசிக்க முடிந்தது.

மறுநாள் மாலை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் உடன் இருந்தார்கள். கரும்பலகையில் ஒரு படம் வரைந்தேன். கருவி, தாங்கி, கேபிள், போர்ட், விண்டோஸ், மென்பொருள் என்று ஆறு பெட்டிகள், இடையே அம்புக்குறிகள். "தகவல் இந்த வழியாகப் போகவேண்டும். எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்போம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம். மாற்றியதை எழுதுவோம்" என்றேன். ஒருத்தி நோட்டில் இரண்டு பத்தி போட்டாள்: 'செய்தது', 'நடந்தது'.

முதல் பெட்டி, கருவி. பேட்டரி புதியது. கருவியின் அடியிலுள்ள உலோகத் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்தோம். மாற்றமில்லை.

அடுத்து தாங்கியும் கேபிளும். மாற்றிப் பார்க்க வேறு ஜோடி இல்லை. ஊசிகள் வளையவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு, "சோதிக்க முடியவில்லை" என்று எழுதிக்கொண்டோம். சோதிக்காததைச் சரி என்று எழுதக்கூடாது அல்லவா?

பிறகு மறுமுனையிலிருந்து வந்தோம். தம்பி கொடுத்த பழைய சிடி எக்ஸ்பி வருவதற்கு முந்தையது. அவன் ஏற்கெனவே அனுப்பியிருந்த 4.1 பதிப்பைத்தான் பதிந்திருந்தேன். திரையின் கீழ் வலது மூலையில், கடிகாரத்துக்கு அருகே சிவப்பும் நீலமுமான இரண்டு வளைந்த அம்புகள் தெரிந்தன. மேலாளர் மென்பொருள் இயங்குகிறது என்று பொருள். அதன் அமைப்பில் 'காம் 1' என்ற போர்ட் குறிக்கப்பட்டிருந்தது. அந்தப் போர்ட்டை வேறொரு நிரல் பயன்படுத்துகிறது என்ற எச்சரிக்கையை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். முதல் நாளும் அது வந்தது. படிக்காமலே மூடியிருந்தேன்.

வேறு எது பயன்படுத்துகிறது? கணினியின் பின்னால் எட்டிப் பார்த்தோம். புதிதாக வந்த யு.பி.எஸ்ஸிலிருந்து ஒரு கேபிள் முதல் போர்ட்டில் செருகப்பட்டிருந்தது. மின்சாரம் போனால் கணினியை ஒழுங்காக அணைக்க ஒரு சிறு மென்பொருள், அந்தப் போர்ட்டை எந்நேரமும் பிடித்துவைத்திருந்தது. நான் என் தாங்கியை இரண்டாவது போர்ட்டில் செருகியிருந்தேன். ஆக, ஆள் இருப்பது ஒரு வீட்டில், கதவைத் தட்டுவது இன்னொரு வீட்டில்.

'காம் 2' என்று மாற்றப் போனேன். பட்டியலில் காம் 2 இல்லை. டிவைஸ் மேனேஜரில் பார்த்தேன், அங்கும் காம் 1 மட்டும்தான். மென்பொருள் கோளாறு என்று நினைத்து மறுபடி நீக்கிப் பதியப் போனேன். அப்போது நோட்டு வைத்திருந்தவள் கேட்டாள்:

"டீச்சர், பின்னாடி ரெண்டு இருக்கு. இங்க ஒண்ணுதானே காட்டுது? அப்ப இன்னொண்ணு இருக்கறது கம்ப்யூட்டருக்கே தெரியாதா?"

அதுதான் விடை. கணினிக்கே தெரியவில்லை என்றால், விண்டோஸுக்கும் கீழே பார்க்கவேண்டும். கணினி எழும்போதே விசையை அழுத்தி பயாஸ் அமைப்புக்குள் போனோம். இரண்டாவது சீரியல் போர்ட் அங்கே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பயன்படாததை அணைத்து வைப்பது வழக்கம்தான், யாருடைய பிழையும் அல்ல. அதை இயக்கி, கணினியை எழுப்பினோம். காம் 2 வந்துவிட்டது.

ஆக, இரண்டு பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது தடுப்பதால் பலன் வெளியே தெரியாது. கணக்கில் இரண்டு இடங்களில் தவறிய பிள்ளை, ஒன்றைத் திருத்தியபின்னும் விடை தவறு என்று சோர்ந்து போவதில்லையா? நாமும் அந்த இடத்தில்தான் சோர்ந்து, திருத்தியதையே திரும்ப மாற்றிவிடுகிறோம்.

எந்தத் திசை?

பொத்தானை அழுத்தப் போன கையை அந்தக் கணம் நிறுத்தினேன். எதிரே இருப்பது வெற்றுக் கணினி. எது எதன்மேல் எழுதப்படப் போகிறது?

மேலாளர் மென்பொருளில் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு தேர்வுகள் உண்டு. இரண்டையும் ஒத்திசை. கணினியில் இருப்பதைக் கருவிமேல் எழுது. கருவியில் இருப்பதைக் கணினிமேல் எழுது. ஒன்றும் செய்யாதே. இரண்டாவதைத் தவறாகத் தேர்ந்தால் வெற்றுக் கணினி தன் வெறுமையை என் கருவிக்குள் நிரப்பிவிடும். நான்கு பகுதிகளுக்கும் மூன்றாவதைத் தேர்ந்தோம். அதை நிரந்தரமாக்கும் கட்டத்தில் குறியிடவில்லை. இது முதல் முறைக்கு மட்டும்தான். கணினியில் பதிந்த பயனாளர் பெயர், முதலெழுத்தும் புள்ளியும் உட்பட, கருவியில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்றும் பார்த்தோம். பெயரைக் கொண்டுதான் இது யாருடைய கருவி என்று கணினி அறியும்.

இன்னொன்றும் செய்தோம். கருவியின் 'இன்ஃபோ' பக்கத்தில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பதிவுகள் என்று காட்டும். முகவரி 186, குறிப்பு 93 என்று நோட்டில் எழுதினோம். சுற்றுலா போகும்போது பேருந்தில் ஏறுமுன் பிள்ளைகளை எண்ணுவதுபோல.

பொத்தானை அழுத்தினேன். மூன்று ஸ்வரங்களில் ஒரு சிறு ஒலி எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பாதியில் இணைப்பு அறுந்தது. அமைப்பில் வேகத்தைக் குறைத்து, மறுபடி அழுத்தினேன். இம்முறை நிதானமாக, இறுதிவரை போனது. கணினியில் எண்ணினோம். 186, 93. எல்லாரும் பேருந்தில் ஏறிவிட்டார்கள்.

ஏறாத ஒருவன்

எல்லாரும் என்று சொன்னது சரியல்ல.

அந்தக் கருவியில் ஒரு பதிவை நீக்கும்போது, 'ஒரு பிரதியைக் கணினியில் காப்பில் வை' என்று ஒரு கட்டம் வரும். ஆண்டு முடிவில் பட்டியலைச் சுருக்குவது என் பழக்கம். அந்த மார்ச்சில் பதினோரு பதிவுகளை, அந்தக் கட்டத்தில் குறியிட்டு, நீக்கியிருந்தேன். அவை கருவியில் இல்லை, பழைய கணினியில் மட்டும் இருந்தன. கணினியோடு அவையும் போயின.

அவற்றில் ஒன்று ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுடையது. பெற்றோர் செங்கல் சூளை வேலைக்கு வேறு மாவட்டம் போயிருந்தார்கள், அவனும் உடன் போயிருந்தான். சூளைக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையின் எண்ணை அவன் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். அங்கே சொன்னால் கூப்பிட்டுவிடுவார்கள். ஜூனில் திரும்பிவிடுவான் என்ற நம்பிக்கையில் நீக்கிவிட்டேன்.

ஜூனில் அவன் வரவில்லை. பாட்டி வீட்டுக்குப் போனேன். அவரிடமும் எண் இல்லை. "வந்துருவான் தாயி" என்றார். அவன் வந்தது செப்டம்பர் கடைசியில், காலாண்டுத் தேர்வு முடிந்தபின். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டேன். "ஸ்கூல்ல இருந்து யாராவது கூப்பிட்டா அனுப்புறேன்னு அப்பா சொன்னாரு டீச்சர்" என்றான்.

ஒரு தொலைபேசி எண். பத்து இலக்கம்கூட இல்லை. ஒரு பிள்ளையின் மூன்றரை மாதப் படிப்பு அதில் இருந்தது.

நமக்கு

இப்போது என்னிடம் அந்தக் கருவி பயன்பாட்டில் இல்லை. உங்களில் பலர் செல்போனில் எண்களையும், பென் டிரைவில் மதிப்பெண்களையும் வைத்திருப்பீர்கள். கருவி எதுவானாலும், கணினியோ செல்போனோ மாறும் நாளில் இவற்றை நினைவில் வையுங்கள்.

முதலாவது, பழையதை அழிக்குமுன் புதியதில் எல்லாம் வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். நாம் சேமித்த ஃபைல்கள் மட்டுமல்ல, மென்பொருள்கள் தமக்குள் வைத்திருப்பவையும் உண்டு.

இரண்டாவது, ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. காப்புப் பிரதி தனியே, தொடாமல் இருக்கவேண்டும். நான் இப்போது மாதம் ஒரு முறை சிடியில் பதிகிறேன். அவசர எண்களை அச்சிட்டுத் தலைமையாசிரியர் அறையில் பூட்டிய பீரோவில் வைக்கிறேன். பிள்ளைகளின் உடல்நிலையும் குடும்ப நிலையும் எல்லாரும் படிக்கக் கூடியவை அல்ல என்பதால் பூட்டு அவசியம்.

மூன்றாவது, பழுது பார்க்குமுன் உண்மையான பிரதி எது என்று கேளுங்கள். அதைக் காப்பாற்றிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதையும் எழுதி வையுங்கள். திரையில் வரும் எச்சரிக்கையை முழுதும் படியுங்கள். பிள்ளைகளிடம் "கேள்வியை ஒழுங்காகப் படி" என்று நாள்தோறும் சொல்கிறவர்கள் நாம்.

ஐந்தாவது, பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கணினி கெட்டுவிட்டது என்றால் அறையைப் பூட்டிவிடுகிறோம். கெட்ட கணினி ஒரு நல்ல அறிவியல் பாடம். அந்த மாணவிக்கு என்னைவிடக் கணினி தெரியாது. பின்னால் இரண்டு, திரையில் ஒன்று என்று எண்ணத் தெரிந்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'செய்தது', 'நடந்தது' என்று அவள் எழுதிய பக்கங்கள் அதன் பின்பகுதியில் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் வாரத்தில், வராத பிள்ளைகளின் பெயர்களை அதில்தான் எழுதுகிறேன். அவர்கள் வந்து அமர்ந்தபின்தான் அடிக்கிறேன்.